கப்பல்கள் முந்நூறு ஆண்டு தாமதித்திருந்தால்

1500-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லிஸ்பனிலிருந்து 13 கப்பல்கள் புறப்பட்டன. தலைமை ஏற்றவர் பெட்ரோ ஆல்வரஸ் கப்ரால். போய்ச்சேர வேண்டிய துறைமுகம் கோழிக்கோடு. வாங்கி வர வேண்டிய சரக்கு மிளகு. சற்று முன்புதான் கோழிக்கோட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த வாஸ்கோ ட காமா ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போனால் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்ள நேரும். அதனால் அட்லாண்டிக்கின் நடுவே மேற்குப் பக்கமாக அகல வளைந்து போய், தென்கடலின் மேலைக்காற்றைப் பிடித்து நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். அப்படி வளைந்து போனவர்களுக்கு ஏப்ரல் 22 அன்று மேற்கே ஒரு மலை தெரிந்தது. அது பிரேசில்.

கப்ரால் தெரிந்தே அங்கு போனார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படியானாலும், அந்தக் காற்றை நம்பி இந்தியாவுக்குப் பாய்விரித்த கப்பல்களில் ஏதாவது ஒன்று என்றேனும் பிரேசில் கரையைத் தொட்டிருக்கும். ஆக, கொலம்பஸ் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் எட்டு ஆண்டுகள்தான். 1492 என்ற ஆண்டை ஒரு தனிமனிதரின் பிடிவாதம் தந்த பரிசாகப் பள்ளிப் பாடங்கள் காட்டுகின்றன. காற்றும் கப்பல் கட்டும் திறனும் மிளகின் விலையும் கூடியிருந்த அந்தப் பத்தாண்டில் அது யாராவது ஒருவருக்கு நடந்தே தீரவேண்டிய காரியம்.

தடுத்திருக்க வழியே இல்லையா? சீனா ஒரு வழியைக் காட்டியது. அதன் கடற்படைத் தலைவர் செங் ஹ 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலில் பெரும் கப்பற்படையோடு வந்துபோனார். பிறகு மிங் அரசவை போதும் என்றது, பயணங்கள் நின்றன. அங்கே முடிவெடுக்க ஓர் அரசவைதான் இருந்தது. ஐரோப்பாவில் அப்படியில்லை. போர்ச்சுகல் மன்னர் கைவிரித்ததும் கொலம்பஸ் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். காஸ்டீல் அரசி திறந்தார்.

பிறகு ஏன் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டும்? ஒரு காரணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லாததால்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். வரலாற்றை அப்படி மறுபடி ஓட்ட முடியாது. ஆனால் சரியான கேள்வியைப் போட்டால், உலகில் வேறெங்கோ உண்மையாகவே நடந்த சம்பவங்கள் விடை தரும். இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான்: ஐரோப்பியக் கப்பல்கள் 1492-இல் வராமல் 1800 வாக்கில் முதன்முதலாக வந்திருந்தால், அமெரிக்கப் பூர்வகுடிகளின் பேரழிவு நிகழ்ந்திருக்குமா? கோடிக்கணக்கானோர் இறந்ததற்குக் கிருமிதான் காரணம், மனிதர் யாரும் பொறுப்பல்ல என்ற வாதம் இன்று சரளமாகப் புழங்குகிறது. அதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

முதலில், அந்தக் கண்டங்கள் முழுக்கப் பூட்டிக் கிடக்கவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வைக்கிங்குகள் குடியிருந்த தடயம் இருக்கிறது. அங்கே உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் கிடைத்தன. 993-ஆம் ஆண்டில் சூரியனில் எழுந்த பெரும் புயல் உலகெங்கும் மரங்களின் ஆண்டு வளையங்களில் ஒரு கார்பன் முத்திரையைப் பதித்திருந்தது. அந்த முத்திரை பதிந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணியபோது, மரம் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று துல்லியமாக விடை வந்தது. பசிபிக் பக்கத்திலும் ஒரு சந்திப்பு நடந்திருக்கிறது. பொலினீசியத் தீவு மக்களின் மரபணுவில் தென்னமெரிக்கப் பூர்வகுடிகளின் பங்கு கலந்திருப்பதும், அந்தக் கலப்பு 1200-ஐ ஒட்டி நிகழ்ந்திருப்பதும் 2020-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்காவில் பிறந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐரோப்பியர் வருமுன்பே பொலினீசியாவில் விளைந்ததும் எல்லோரும் அறிந்ததே. இந்த இரண்டு சந்திப்புகளாலும் பெருந்தொற்று பரவியதற்குத் தடயம் இல்லை.

ஏன் பரவவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியம்மைக் கிருமி உடலில் புகுந்து ஏறத்தாழ 12 நாள் பதுங்கியிருக்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் மற்றவர்களுக்குத் தொற்றும். அதற்குள் நோயாளி ஒன்று இறப்பார், அல்லது ஆயுள் முழுவதற்குமான தடுப்பாற்றலோடு பிழைப்பார். எனவே அந்தக் கிருமி வாழ, இதுவரை நோய் வராத புதிய உடல்கள் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். விறகு தீர்ந்த அடுப்பு அணைவதுபோல, ஆட்கள் தீர்ந்ததும் தொற்று அணைந்துவிடும். கொலம்பஸின் கப்பல்கள் கேனரித் தீவுகளிலிருந்து பஹாமாவுக்குப் போக 36 நாளாயிற்று. மாலுமிகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அம்மை கண்டு மீண்டவர்கள். கிருமிக்கு அந்தக் கப்பல்களில் வாழ வழியில்லை. ஹிஸ்பானியோலா தீவில் பெரியம்மை பதிவானது 1518-இன் இறுதியில்தான். கொலம்பஸ் கரையிறங்கி அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த 26 ஆண்டுகளைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பெரியம்மை வந்துசேருமுன்பே அந்தத் தீவின் தைனோ மக்கள் கிட்டத்தட்ட அழிந்திருந்தார்கள். 1514-இல் ஸ்பானியர் எடுத்த கணக்கில் சுமார் 26,000 பேரே மிஞ்சியிருந்தனர். 1492-இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. பெருஞ்சரிவு நடந்தது என்பதில் இல்லை. வேறு காய்ச்சல்கள் பரவியிருக்கலாம். ஆனால் தங்கம் அரிக்கும் கட்டாய வேலை, விதைக்க ஆளில்லாமல் வந்த பஞ்சம், குடும்பம் குடும்பமாகப் பிய்த்தெடுத்துப் பங்கிட்டது, தண்டனைக் கொலைகள் எல்லாம் கண்ணால் கண்ட ஸ்பானியர்களே எழுதிவைத்தவை.

பெரியம்மை வந்த பிறகு நடந்தது வேறு வேகம். 1520-இல் மெக்சிகோவின் டெனோச்டிட்லானில் மெக்சிகா மன்னர் குய்ட்லாவாக் அம்மையில் இறந்தார். சில ஆண்டுகளில் ஆண்டீஸ் மலையில் இன்கா பேரரசர் வைனா கபாக் இறந்தார். அதுவும் ஐரோப்பியரை முந்திக்கொண்டு ஓடிய அம்மையால்தான் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். அரியணைக்காக அவருடைய மகன்கள் வாஸ்காரும் அடவால்பாவும் மோதிக்கொண்டார்கள். அந்த உள்நாட்டுப் போரின் புண் ஆறாத நேரத்தில், 1532-இல், 168 ஆட்களோடு ஸ்பானியத் தளபதி பிசாரோ கஹமார்க்காவுக்குள் நுழைந்தார்.

இங்கே ஒரு பழைய தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். அமெரிக்கப் பூர்வகுடிகளின் ரத்தத்திலேயே ஏதோ பலவீனம் இருந்தது என்பது அது. ஐஸ்லாந்தைப் பாருங்கள். முழுக்க ஐரோப்பிய வம்சாவளி மக்கள். ஆனால் சிறிய, தனித்த தீவு. பெரியம்மை அங்கே நிலையாகத் தங்க முடியாது. 1707-இல் அது கப்பலேறி வந்தபோது, சுமார் 50,000 பேரில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டார்கள். தடுப்பாற்றல் என்பதில் பெரும்பகுதி முன்னோரின் சொத்தாக வருவதில்லை. அவரவர் சிறுவயதில் நோயோடு போராடிச் சம்பாதிப்பது அது.

நோய் நிரந்தரமாகக் குடியிருந்த ஊர்களில் இன்னொன்றும் நடந்தது. முகத்தில் அம்மைத் தழும்போடு வாழ்ந்த பெரியவர்களை நம் முந்தைய தலைமுறைத் தமிழர் நன்றாக அறிவார்கள். வீட்டில் குழந்தைக்கு அம்மை வார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து நீர் கொடுத்து, வேப்பிலையால் வருடிக் கவனித்துக்கொள்ள இவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு நோய் மறுபடி வராது. முதன்முதலாகத் தொற்று நுழையும் ஊரில் இப்படி ஒருவரும் இல்லை. குழந்தை, தாய், பாட்டி, உழவர், தண்ணீர் சுமப்பவர் எல்லோரும் ஒரே வாரத்தில் படுக்கிறார்கள். கிருமி கொல்லாமல் விட்டவர்களையும் தாகமும் பசியும் கொல்கின்றன.

சரி, கப்பல்கள் 1800-இல் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் பூர்வகுடிகளுக்குத் தடுப்பாற்றல் வந்திருக்குமா? வந்திருக்காது. மனிதக் கூட்டத்தில் பரவும் பெருந்தொற்றுகளில் பலவும் விலங்குகளிடமிருந்து தாவியவை. தட்டம்மை, மாடுகளைத் தாக்கிய வெக்கைநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. அமெரிக்காவில் குதிரை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. வளர்ப்பு விலங்குகள் என்று இருந்தவை லாமா, அல்பாகா, கினிப்பன்றி, வான்கோழி, நாய், ஒருவகை வாத்து, அவ்வளவே. முந்நூறு ஆண்டு கூடுதலாகக் கிடைத்தாலும் அந்த நிலை மாறாது. உடல்கள் 1492-இல் இருந்ததைப் போலவே 1800-இலும் கிருமிக்குப் புதியவை.

மாறியிருக்கக்கூடியது சமூகங்கள். எப்படி மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்லும் நாவல்கள் நிறைய வந்திருக்கின்றன. நீராவி இயந்திரம் ஓட்டும் இன்காக்களைக்கூட அவற்றில் பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளர்ச்சி நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. மாயர்களின் தென்பகுதி நகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே காலியாகத் தொடங்கின. மிசிசிப்பிக் கரையின் கஹோகியா நகரமும் 1350-க்குள் ஆளற்றுப் போயிற்று. இரண்டையும் அழித்தது ஐரோப்பியர் இல்லை. மெக்சிகா, இன்கா அரசுகள் நூறாண்டுகூட நிறையாத இளம் பேரரசுகள். உள்ளுக்குள் பகை கொதித்துக்கொண்டிருந்தவை. அவை உடைந்து வேறு அரசுகள் எழுந்திருக்கலாம். மேற்கு மெக்சிகோவிலும் ஆண்டீஸிலும் வெண்கலம் வார்க்கத் தெரிந்திருந்தது. எக்வடோர் கரையில் பாய்விரித்த பால்சாக் கட்டுமரங்கள் சரக்கேற்றிச் சென்றன. இன்காக்கள் கயிற்று முடிச்சுகளில் ஒரு பேரரசின் கணக்கையே வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் சாலைகளும், வழிநெடுகத் தங்குமிடங்களும், தானியமும் துணியும் நிறைந்த களஞ்சியங்களும் இருந்தன. இவை அடுத்து எங்கே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முந்நூறு ஆண்டுகளை அவர்களே தீர்மானித்திருப்பார்கள் என்பது மட்டும் உறுதி.

கடலின் இந்தப் பக்கத்தில் என்ன குறைந்திருக்கும் என்பது இன்னும் தெளிவு. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மரவள்ளி, நிலக்கடலை, தக்காளி, மிளகாய், முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாம் முந்நூறு ஆண்டு தள்ளிப் போகும். நம் சமையலுக்குக் காரம் மிளகிலும் திப்பிலியிலும் இஞ்சியிலும் இருந்தது, சமாளித்திருப்போம். ஐரோப்பாவும் சீனாவும் அப்படிச் சுலபமாகச் சமாளித்திருக்காது. 1700-க்கும் 1900-க்கும் இடையே பழைய உலகின் மக்கள்தொகைப் பெருக்கத்தில் ஏறத்தாழ கால்பங்கு உருளைக்கிழங்கால் வந்தது என்று நேதன் நன், நான்சி சியான் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெள்ளியும் கிடைத்திருக்காது. 1545-இல் கண்டெடுத்த பொடோசி மலையின் வெள்ளிதான் ஐரோப்பியர் ஆசியச் சந்தையில் நிற்பதற்கான கைமுதல். சீனப் பட்டும் இந்தியத் துணியும் வாங்க அவர்களிடம் கொடுக்கத்தக்க சரக்கு வேறு அதிகம் இல்லை. அந்த வெள்ளி வராத உலகில் கிழக்கிந்தியக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கும் என்பது சென்னைக்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அடிமை வணிகம்? அட்லாண்டிக்கைக் கடக்க ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அமெரிக்கா இல்லையென்றால் அந்தக் கொடுமையே இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மதேரா தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமை உழைப்பு 1492-க்கு முன்பே தொடங்கிவிட்டது. வித்து விழுந்துவிட்டது, பரவ நிலம் மட்டும் சிறிதாக இருந்திருக்கும்.

வானமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். 1492-இல் அமெரிக்கக் கண்டங்களில் ஏறத்தாழ 6 கோடிப் பேர் இருந்தார்கள் என்றும், 1600-க்குள் 5 கோடியே 60 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும் லண்டன் ஆய்வுக் குழு ஒன்று 2019-இல் மதிப்பிட்டது. கைவிடப்பட்ட வயல்களில் காடு மண்டி, காற்றிலிருந்து கார்பனை இழுத்துக்கொண்டது. அண்டார்க்டிகாவின் லா டோம் பனித்தண்டில் 1610-ஐ ஒட்டித் தெரியும் கார்பன் டை ஆக்சைடு சரிவுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். அண்டார்க்டிகாவில் வேறோரிடத்தில் எடுத்த பனித்தண்டு, சரிவு அவ்வளவு திடீரென்று நிகழவில்லை, மெதுவாகவே நடந்தது என்கிறது. விவாதம் தொடர்கிறது. மனிதச் சாவு காற்றின் கலவையிலேயே தடம் பதித்திருக்கக்கூடும் என்ற அளவில் அந்தச் சாவு பெரிது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தாமதமான சந்திப்பைக் கற்பனை செய்யவே தேவையில்லை. வேறு நிலங்களில் அது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஜேம்ஸ் குக் ஹவாய்க்குப் போனது 1778-இல். அப்போது அங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்திருக்க வேண்டும் என்பது பரவலான மதிப்பீடு. 1890-இல் மிஞ்சிய ஹவாய்க் குடிகள் சுமார் 40,000 பேர். சிட்னியில் ஆங்கிலேயர் குடியேறிய மறு ஆண்டே, 1789-இல், சுற்றுவட்டாரப் பூர்வகுடிகள் பெரியம்மையில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். தாமதம் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் இரண்டு தட்டம்மைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1846-இல் வட அட்லாண்டிக்கின் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை நுழைந்தது. முந்தைய தட்டம்மை 1781-இல்; 65 ஆண்டு இடைவெளி. 7,800-க்குச் சற்றுக் குறைவான மக்களில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான இளைஞர் பீட்டர் பானும் ஊர் ஊராகப் போய் எழுதிய அறிக்கை தொற்றுநோயியலின் மூல நூல்களில் ஒன்றாகிவிட்டது. 1781-இல் நோய் கண்ட கிழவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை என்று அதில் பதிந்திருக்கிறார். இறந்தவர்கள் இருநூறைத் தாண்டவில்லை. 1875-இல் அதே தட்டம்மை ஃபிஜிக்கு வந்தது. முந்தைய ஆண்டுதான் ஃபிஜி பிரிட்டனின் கைக்குப் போயிருந்தது. தலைவர் தகோம்பாவை சிட்னிக்கு அழைத்துப்போய்த் திரும்பிய பிரிட்டிஷ் போர்க்கப்பலே நோயையும் கொண்டுவந்தது. அவரைக் காணத் தீவு தீவாகத் தலைவர்கள் கூடினார்கள். கூடிக் கலைந்தவர்கள் நோயோடு வீடு திரும்பினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பேரில் 40,000 பேர் மாண்டார்கள். சமைக்க ஆளில்லை, வயலுக்குப் போக ஆளில்லை, அயலார் ஆட்சி வந்ததால் விளைந்த அச்சம் வேறு.

இந்த ஒப்பீடு கச்சிதமானது என்று சொல்ல மாட்டேன். ஃபேரோ மக்கள் ஐரோப்பிய வம்சம். முன்பு நோய் கண்டவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். அதையெல்லாம் கழித்தாலும் இடைவெளி மலைக்க வைக்கிறது. கிருமி ஒன்றுதான். படுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்க யாராவது இருந்தார்களா, களஞ்சியத்தில் தானியம் இருந்ததா, தங்கள் நாடு தங்கள் கையில் இருந்ததா என்பதைப் பொறுத்தே சாவின் கணக்கு பெருமளவு மாறியது.

1800 என்ற ஆண்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 1796-இல் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பாக மாட்டம்மைப் பாலைச் சிறுவன் ஒருவனின் கையில் குத்திப் பார்த்ததுதான். அமெரிக்க வெள்ளியும் சர்க்கரையும் இல்லாத ஐரோப்பாவில் ஜென்னர் சாத்தியமா என்று கேட்கலாம். அம்மைப் பால் குத்தும் பழைய முறை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்துக்கு அது 1721-இல் துருக்கி வழியாகப் போனது. மாட்டம்மை இங்கிலாந்தின் தொழுவங்களில் இருந்தது. இந்தச் சங்கிலியில் அமெரிக்கா தந்த கண்ணி எதுவும் இல்லை. எனவே சாத்தியம்தான்.

தடுப்பூசியைக் கடல்தாண்டிக் கொண்டுபோகவும் வழி இருந்தது. 1803-இல் ஸ்பெயினிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் அநாதைச் சிறுவர்கள் 22 பேரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இருவருக்குக் குத்தி, ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்தி, இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி மருந்தை உயிரோடு கொண்டுசேர்த்தார். இந்தியாவுக்கு 1802-இல் பாக்தாத், பாஸ்ரா வழியாக மருந்து வந்ததும் இதே முறையில்தான்.

இப்போது உடையாத ஓர் ஆண்டீஸ் அரசை நினைத்துப் பாருங்கள். அஞ்சல் ஓட்டக்காரர்கள் தொடர் ஓட்டமாக ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் செய்தி கடத்திய சாலைகள் அங்கே இருந்தன. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை தலை என்று முடிச்சுக் கயிற்றில் கணக்கு இருந்தது. உழைப்பையே வரியாகத் திரட்டும் ஏற்பாடும் இருந்தது. பத்து நாளுக்கொரு முறை கை மாற வேண்டிய மருந்தை எடுத்துச்செல்ல அன்றைய உலகில் இதற்கு நிகரான அமைப்புகள் மிகச் சில. நோய் முந்துமா மருந்து முந்துமா என்ற ஓட்டத்தில் மருந்துக்கு அங்கே உண்மையான வாய்ப்பு இருந்திருக்கும். ஏற்றுக்கொள்ள மறுத்திருப்பார்களா? வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஐந்து நாட்டுக் கூட்டமைப்பின் தலைவர்கள் 1807-இல் ஜென்னரின் நூலைப் பெற்றுக்கொண்டு, நன்றியோடு அவருக்கு வாம்பம் மணிப்பட்டை அனுப்பினார்கள்.

எனவே என் விடை, கப்பலில் வருபவர் எதற்காக வருகிறார் என்பதைப் பொறுத்தே முடிகிறது. இதற்கும் ஒரு சான்று இருக்கிறது. 1832-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பூர்வகுடிகளுக்குத் தடுப்பூசி போடச் சட்டம் இயற்றியது. பல்லாயிரம் பேருக்கு ஊசி போட்டார்கள். கிழக்கிலிருந்து வெளியேற்றி அனுப்பவேண்டிய குடிகளும் வணிகத்துக்கு வேண்டிய குடிகளும் பட்டியலில் முன்னே வந்தார்கள். மிசௌரி ஆற்றின் மேல்பகுதிக்கு மருத்துவர் யாரையும் அனுப்பவேண்டாம் என்று போர்த்துறைச் செயலர் லூயிஸ் காஸ் உத்தரவிட்டார். அங்கே மாண்டான் மக்கள் இருந்தார்கள். மக்காச்சோளம் விளைவித்து, ஊர் கட்டி வாழ்ந்தவர்கள். 1837 கோடையில் நீராவிப் படகு ஒன்று அந்த ஆற்றில் பெரியம்மையோடு மேலேறி வந்தது. சுமார் 2,000 மாண்டான்களில் 150 பேர்கூட மிஞ்சவில்லை. ஜென்னரின் ஊசி வந்து அப்போது 41 ஆண்டுகள். சட்டம் வந்து ஐந்து.